வகை தெரியாத நாற்காலி

'எல்லாப் பொருள்களும் ஏற்றப்பட்டன. ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் வகை குறிப்பிடப்படவில்லை' என்று கம்ப்யூட்டர் சிவப்பு எழுத்தில் சொன்னது.

மேசை நாற்காலிக் கடையின் ஸ்டோர் ரூமில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லேபிள் துள்ளி எழுந்தார்.

லேபிள் என்பது அவருடைய பெயர் அல்ல. பெற்றவர்கள் நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அது சம்பளப் பட்டியலோடு சரி. எதைக் கண்டாலும் ஒரு சீட்டு எழுதி ஒட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டில் உப்பு டப்பாவில் 'உப்பு', சர்க்கரை டப்பாவில் 'சர்க்கரை', கதவில் 'தள்ளவும்'. "கல்யாணமான புதுசுல என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்ட வந்தாரு, நான்தான் கையைத் தட்டிவிட்டேன்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் முதலாளி புது மென்பொருளை ஒப்படைத்திருந்தார்.

"கடையில இருக்கிற ஒரு சாமானையும் விடக்கூடாது. எல்லாத்துக்கும் ஸ்டிக்கர் ஒட்டி, மொத்தமா கம்ப்யூட்டர்ல ஏத்திடு. ஒவ்வொண்ணும் என்ன வகைன்னு மட்டும் சரியாப் போடு. மிச்சத்தை அதுவே பாத்துக்கும்" என்றார் முதலாளி.

'அதுவே பாத்துக்கும்' என்பது பொய்யில்லை. விற்பனை என்று போட்டால் அந்தப் பொருள் தானாகவே கடையின் இணையப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கழிவு என்று போட்டால் பழைய சாமான் எடுப்பவருக்குத் தானாகவே தகவல் போகும். நல்ல வேலைக்காரன்தான். என்ன, யோசிக்கமாட்டான்.

"திங்கட்கிழமை நான் வரும்போது பச்சை விளக்கு எரியணும். எரிஞ்சா நீதான் மேனேஜர்" என்று சொல்லிவிட்டு, புதிதாய்ப் பிறந்த பேரனைப் பார்க்க முதலாளி மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

லேபிளின் மனைவி அன்றைக்கே சொந்தபந்தம் முழுவதற்கும் போன் போட்டுவிட்டாள். எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அவளுடைய அண்ணி மட்டும் "ஓ, அப்படியா? நடக்கட்டும், பாப்போம்" என்றாளாம். அந்த 'பாப்போம்' இருக்கிறதே, அது லேபிளின் மனைவிக்கு முள்ளாய்க் குத்திவிட்டது. இனி இவர் மேனேஜர் ஆகாவிட்டால் வீட்டுக்குள் நுழைய முடியாது.

அப்படியிருக்க, ஒரே ஒரு சனியன் சிவப்பில் நின்றால் எப்படி இருக்கும்?

லேபிள் ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு கடை முழுக்கச் சுற்றினார். கட்டில், அலமாரி, ஊஞ்சல் பலகை, கண்ணாடி மேசை எல்லாம் பச்சை. கடைசியில் முதலாளியின் அறைக்குள் நுழைந்ததும் ஸ்கேனர் 'கீ கீ' என்று கத்தியது. எதிரே முதலாளியின் நாற்காலி. அதன் கையில், அழகாக, வெள்ளையாக, நேராக ஒரு ஸ்டிக்கர்.

"அடப்பாவி! கை பழக்கத்துல இதுக்கும் ஒட்டிட்டேனா!"

அது சாதாரண நாற்காலி இல்லை. முதலாளியின் அப்பா உட்கார்ந்தது. உட்காரும் இடத்தில் ஒரு மெத்தை, முதுகுக்கு ஒரு மெத்தை, மொத்தத்துக்கும் ஒரு பழுப்பு ரெக்சின் உறை. வந்த நாளிலிருந்து அந்த உறையை யாரும் கழற்றியதில்லை. உட்கார்ந்தால் 'கிறீச்' என்னும், கொஞ்சம் ஆடவும் ஆடும். ஆனாலும் முதலாளியைத் தவிர யாரும் அதைத் தொடக்கூடாது. முன்னாள் மேனேஜர் ஒரு நாள் அதில் உட்கார்ந்து பார்த்தார். அதனால்தான் அவர் முன்னாள் மேனேஜர்.

லேபிள் மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல் தேனாய் ஒழுகியது.

"சொல்லுங்க சார்."

"தெரியாம ஒரு பொருளை ஏத்திட்டேன்மா. அதை அழிக்கணும்."

"ஏத்தினதை அழிக்க முடியாது சார். வகையை வேணா மாத்தலாம்."

"அப்ப இது எந்த வகைக்கும் சேராதும்மா. முதலாளி உட்கார்ற நாற்காலி."

"அதுக்குன்னே 'சொந்த உபயோகம்'னு ஒரு வகை இருக்கே சார்! உங்க முதலாளி அவரோட பாஸ்வேர்டைப் போட்டாப் போதும்."

முதலாளியிடம் எப்படிக் கேட்பது? 'ஐயா, உங்க நாற்காலிக்கு ஸ்டிக்கர் ஒட்டிட்டேன், பாஸ்வேர்டு கொடுங்க' என்றா? லேபிள் அந்தப் போனை வைத்துவிட்டு மனைவிக்குப் போட்டார்.

"இதுக்குப் போயா இப்படி வேர்த்து விறுவிறுத்துப் பேசறீங்க? எங்க அண்ணனைக் கேளுங்க. அவருக்குக் கம்ப்யூட்டர்னா தண்ணி பட்ட பாடு" என்றாள் மனைவி.

அந்த மச்சான் வேலை பார்ப்பது கம்ப்யூட்டர் கடையில் அல்ல, கம்ப்யூட்டர் கடைக்குப் பக்கத்துக் கடையில். ஆனால் நடுவில் ஒரு சுவர்தான் என்பதால் அறிவு எப்படியோ கசிந்து வந்துவிட்டதாக அந்தக் குடும்பத்தில் ஒரு நம்பிக்கை.

"ப்பூ! இவ்வளவுதானா மாப்ளே? விற்பனைன்னு போடுங்க. விலையை மட்டும் எவனும் கிட்டயே வர முடியாத மாதிரி தூக்கி வையுங்க. பச்சையும் எரியும், நாற்காலியும் நகராது" என்றார் மச்சான் போனில்.

லேபிள் அப்படியே செய்தார். ஒரு வீட்டையே வாங்கிவிடக்கூடிய விலை. விளக்கு பச்சையாக எரிந்தது. "மச்சான் மச்சான்தான்" என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தால் முதலாளியின் அறை வாசலில் கும்பல்.

"எங்கய்யா அந்த நாற்காலி?" என்றார் முன்னால் நின்ற தொப்பைக்காரர். "பக்கத்துல இருக்கிற நாற்காலியெல்லாம் நியாய விலை, இது மட்டும் இவ்வளவு விலைன்னா சும்மாவா இருக்கும்?"

"மசாஜ் பண்ணிவிடுமாம்" என்றார் ஒருவர்.

"முட்டி வலி போயிடுமாம். எங்க அக்கா பார்த்துட்டு அனுப்பினா" என்றாள் ஓர் அம்மாள். சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்து நாற்காலியை நோக்கி நடந்தாள்.

"அம்மா, உட்காராதீங்க! தாயே, காலைப் பிடிக்கிறேன், உட்காராதீங்க!"

அவளை நிறுத்துவதற்குள் தொப்பைக்காரர் இன்னொரு பக்கமாகப் புகுந்து ஒரு நிமிஷம் உட்கார்ந்தே விட்டார். 'கிறீச்.' "ஆமா, என்னமோ பண்ணுது" என்றார் கண்ணை மூடிக்கொண்டு. அவ்வளவுதான், பின்னால் வரிசை கட்டிவிட்டார்கள்.

ஒருவழியாக எல்லாரையும் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டு லேபிள் மறுபடி போனை எடுத்தார்.

"மச்சான்! ஊரே இங்கதான் நிக்குது!"

"விலை ஏறினா மதிப்பு ஏறும் மாப்ளே, அது தெரிஞ்ச விஷயம்தானே" என்றார் மச்சான், தான் சொன்ன யோசனை இல்லை என்பது போல. "அப்ப நேர் எதிரா போங்க. கழிவுன்னு போடுங்க. ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்காது."

லேபிள் கழிவு என்று போட்டார். விளக்கு பச்சை. இணையப் பக்கத்திலிருந்து நாற்காலி மறைந்தது. கும்பலும் கலைந்தது. பெருமூச்சு விட்டுத் தன் ஸ்டூலில் உட்கார்ந்தபோதுதான், கழிவு என்றால் யாருக்குத் தகவல் போகும் என்பது அவருக்கு நினைவு வந்தது.

நினைவு வந்து முடிப்பதற்குள் ஆளே வந்துவிட்டார். பழைய சாமான் எடுப்பவர். தோளில் சாக்கு, கையில் சம்மட்டி.

"நாற்காலி எங்க சார்? இங்கேயே உடைச்சுடட்டா, வெளிய கொண்டுபோய் உடைக்கட்டா?"

"உடைக்கவே வேணாம்யா! தப்பா வந்துடுச்சு, நீ கிளம்பு!"

"அது எப்படி சார் கிளம்புவேன்? உக்கார்ற சாமான் ஒண்ணுன்னு எனக்குச் சீட்டு வந்திருக்கு. வெறுங்கையோட போனா எங்க ஆபீஸ்ல என்னை உடைச்சிடுவாங்க."

உக்கார்ற சாமான் ஒன்று. லேபிள் கண்ணை மூடிக்கொண்டு தன் ஸ்டூலைத் தூக்கிக் கொடுத்தார். வாசலிலேயே இரண்டு அடி. அதோடு ஸ்டூல் விறகாகிவிட்டது. அதற்குப் பிறகு லேபிள் எல்லா வேலையையும் நின்றுகொண்டேதான் செய்தார்.

"ஸ்டூல் போச்சா? போகட்டும் விடுங்க, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்கோங்க" என்றார் மச்சான். "இப்ப சொல்றேன் பாருங்க, இதுதான் கடைசி மருந்து. லிஸ்ட்டுல பழம்பொருள்னு ஒரு வகை இருக்கா?"

"இருக்கு."

"போடுங்க அதை! பழம்பொருள்னா என்ன? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெச்சு, தொடாதேன்னு எழுதி வெக்கிறதுதானே?"

ஆழம் தெரியாமல் காலை விட்டவர் மச்சான். அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு தானும் இறங்கியவர் லேபிள். போட்டார். கம்ப்யூட்டர் உடனே ஒரு கேள்வி கேட்டது: 'பொது ஏலத் தளத்துக்கு அனுப்பப்படுகிறது. நான்கு பக்கமும் தெரியப் படம் தேவை.'

"ஏலமா!" என்று லேபிள் அலறினார். வகையை மாற்றப் பார்த்தார். 'ஏலம் முடியும்வரை மாற்ற இயலாது' என்றது அது.

சரி, படமாவது அசிங்கமாக இருக்கட்டும், பார்க்கிறவன் பயந்து ஓடட்டும் என்று முடிவு செய்தார். மெத்தைகளை எடுத்தார். உறையைக் கழற்றினார். அழுக்கும் ஓட்டையுமாக ஏதோ ஒரு கட்டை இருக்கும் என்று எதிர்பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே கருகருவென்று தேக்கு. முதுகில் கொடி, கொடியில் இலை, இலைகளுக்கு நடுவில் இரண்டு மயில்கள். இத்தனை வருஷம் முதலாளி இந்த மயில்களின் மேல் சாய்ந்துகொண்டுதான் தூங்கியிருக்கிறார், அவருக்கே தெரியாது.

"நீங்க வேற இப்பதான் வெளிய வரணுமா?" என்று மயில்களைத் திட்டிவிட்டு லேபிள் படம் எடுத்தார். கையை எவ்வளவோ ஆட்டித்தான் எடுத்தார். அப்படியும் அழகாக வந்து தொலைத்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏலம் முடியும் என்று அறிவிப்பு வந்தது. அந்தத் தளத்தில் விற்பவர் யார், வாங்குபவர் யார் என்று யாருக்கும் தெரியாது. எல்லாருமே புனைபெயர்தான். முதல் ஆளாக வந்தவர் பெயர் 'சிங்கம்'. வந்ததும் கேள்வி கேட்டார்.

'கால் ஆடுமா?'

லேபிளுக்கு வாய்ப்புக் கிடைத்துவிட்டது. 'ஆடும். நன்றாகவே ஆடும்' என்று பதில் போட்டார்.

'உண்மையைச் சொல்லும் வியாபாரியை இன்றுதான் பார்க்கிறேன்' என்று எழுதிவிட்டு சிங்கம் விலையை ஏற்றியது.

'உட்கார்ந்தால் கிறீச் என்று சத்தம் வரும்' என்றார் லேபிள்.

'நல்ல மரம் பேசத்தான் செய்யும்.' இன்னும் ஏறியது.

'இடுப்பு வலிக்கும்!'

'முதுகை நேராக வைத்து உட்காரப் பழகாதவர்களுக்கு வலிக்கும்.' மறுபடியும் ஏறியது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் லேபிள் சாப்பிடாமல் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் போனை நீட்டினாள்.

"இந்தாங்க. என் பேர்ல நீங்களே ஏலம் கேளுங்க. புதுக் கட்டில் வாங்க வெச்ச காசு இருக்குல்ல? கட்டில் எங்கயும் ஓடிடாது. ஆனா அண்ணி முன்னாடி நான் தலை குனிய முடியாது."

லேபிளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ தெய்வம்டி."

"தெய்வத்துக்கு ஒரு புனைபெயர் வேணுமாம், சீக்கிரம் போடுங்க."

'ரோஜா' என்று போட்டார். ரோஜாவும் சிங்கமும் மோதின. ரோஜா ஒரு படி ஏறினால் சிங்கம் இரண்டு படி தாவியது. கட்டில் காசு போனது. அடுத்து மெத்தைக்கு வைத்திருந்ததும் போனது. "இவன் மனுஷனே இல்லை, உண்மையிலேயே மிருகம்தான்!" என்று மனைவி போனைப் பார்த்துக் கத்தினாள். கடைசி நேரத்தில் ரோஜாவிடம் ஏற்ற ஒன்றும் மிச்சமில்லை.

'வாழ்த்துகள், சிங்கம்!' என்றது தளம்.

அவர்கள் காசு அவர்களிடமே இருந்தது. ஆனால் அதனால் யாருக்கு என்ன சந்தோஷம்? இருவரும் கட்டில் இல்லாத கூடத்தில் பாயை விரித்து, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

"வேலை போனா என்னங்க, வேற வேலை இல்லையா?" என்றாள் மனைவி. பிறகு புரண்டு படுத்து, "அண்ணிகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் லேபிள் அடித்துப் பிடித்துக் கடைக்கு ஓடினார். விற்ற சாமான்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடை வண்டிக்காரரை எப்படியாவது மடக்கி நாற்காலியை ஒரு நாளைக்காவது ஒளித்துவிட வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள் இதையும் பார்த்துக்கொண்டுவிட்டது. வண்டிக்காரருக்கு அது விடியும் முன்பே உத்தரவு போட்டிருந்தது. அவர் நாற்காலியைக் கட்டிச் சுற்றி, நாலைந்து கட்டில்களோடு சேர்த்து ஏற்றிக்கொண்டு போயாகிவிட்டது. போன் போட்டால் எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போன் எடுக்காத ஒரே வண்டிக்காரர் உலகத்தில் அவர்தான்.

முதலாளியின் அறையில் நாற்காலி இருந்த இடம் மட்டும் சதுரமாக, சுத்தமாக இருந்தது. லேபிள் அந்தச் சதுரத்தில் இரண்டு மெத்தைகளையும் உறையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். ராஜினாமாக் கடிதத்தை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் அவருக்கு வயிறு எரிந்தது.

முதலாளி வந்தார். பேரனைப் பார்த்த சந்தோஷத்தில் நாலு நாளில் இளமை திரும்பியவர் போல் துள்ளிக்கொண்டு வந்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். "பச்சை! சபாஷ்!" என்றார். அப்புறம் தன் அறைக்குள் போனார்.

உள்ளே இரண்டு அடி வைத்ததும் நின்றுவிட்டார்.

லேபிள் கடிதத்தை எடுத்து நீட்டியபடி பின்னாலேயே போனார்.

"ஐயா... நான்தான்யா..."

"என் நாற்காலியை நீயா தூக்கினே?" என்றார் முதலாளி, வெற்றிடத்தைப் பார்த்தபடி.

"ஆமாய்யா. என் தப்புதான்யா. மன்னிச்..."

முதலாளி திரும்பினார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. ஓடி வந்து லேபிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நீ மனுஷன்யா! அதுல உட்கார்ந்து உட்கார்ந்து என் இடுப்பே போச்சு. அப்பா நாற்காலியாச்சே, நானே எப்படித் தூக்கிப் போடுவேன்? எவனாவது தைரியமா தூக்குவானான்னு எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?"

"ஆனா ஐயா, பழைய மேனேஜர் அதுல உட்கார்ந்ததுக்கே..."

"உட்கார்ந்ததுக்கா அனுப்பினேன்? அத்தனை கனமான ஆளு, உடைக்காம எந்திரிச்சான் பாரு, அதுக்கு அனுப்பினேன்!" முதலாளி கடிதத்தை வாங்கி, படிக்காமலே கிழித்து எறிந்தார். "இன்னையிலேருந்து நீதான் மேனேஜர். நான் எனக்குப் புதுசா ஒண்ணு வாங்கிட்டேன், இப்ப வந்துடும். சும்மா ராஜா மாதிரி இருக்கும் பாரு."

லேபிளுக்குக் கால் தரையில் பாவவில்லை. வெளியே போய் மனைவிக்குப் போன் போட்டுச் செய்தி சொன்னார். "இருங்க, அண்ணிக்குப் போட்டுட்டு வரேன்" என்று அவள் அவரையே பாதியில் வெட்டிவிட்டாள்.

அதற்குள் வண்டிக்காரர், பழுப்புக் காகிதமும் அட்டையுமாகச் சுற்றிய பெரிய பொட்டலம் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். லேபிளைப் பார்த்ததும், "அண்ணே, ஒரு விஷயம்ணே, இந்த அட்ரஸ்..." என்று ஆரம்பித்தார்.

"அப்புறம் பேசிக்கலாம், முதல்ல உள்ள கொண்டு வா!" என்று முதலாளி கத்தினார். பொட்டலத்தைச் சதுரத்துக்குப் பக்கத்தில் பூப்போல இறக்க வைத்தார். வண்டிக்காரர் நீட்டிய சீட்டில் ஆசையாகக் கையெழுத்துப் போட்டார்.

"ஏன்யா, இந்த மெத்தையை மட்டும் எதுக்கு வெச்சிருக்கே?" என்றார் லேபிளிடம்.

"உங்க அப்பா ஞாபகத்துக்குத்தான்யா."

"அதுவும் நல்லதுக்குத்தான். புதுசுல போட்டுக்கலாம். படத்துல பாத்ததை வெச்சுச் சொல்றேன், அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கும்." முதலாளி பொட்டலத்தை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "ஆமா, அந்தப் பழைய சனியனை எங்கய்யா போட்டே?"

"வித்துட்டேன்யா. நல்ல விலைக்குப் போச்சு."

"வித்துட்டியா!" முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அந்த ஆடற கட்டையை, கிறீச்சுங்கிறதை, காசு கொடுத்து வாங்கினானா? எந்தக் கிறுக்கன்யா அவன்?"

லேபிளுக்கும் அது தெரியாது. இருவரும் வண்டிக்காரரைப் பார்த்தார்கள். வண்டிக்காரர் கையிலிருந்த சீட்டை ஒரு முறை பார்த்தார், பொட்டலத்தை ஒரு முறை பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதீங்கய்யா, இப்பத்தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க."